நீலக் கண் கேட்ட சிறுமி
மனித ஆசையும் தேவ சித்தமும்

திருநெல்வேலி, நாகர்கோவில் பக்கத்திலிருந்து பிழைப்புக்காகப் பெங்களூருக்கு வந்தவர்கள் இங்கே ஏராளம். இதற்கு நேர் மாறாக, பெங்களூரில் வந்து இறங்கி, இங்கிருந்து திருநெல்வேலிச் சீமைக்குப் போய், அங்கேயே அரை நூற்றாண்டுக்கு மேல் வாழ்ந்து மறைந்த ஒரு பெண்மணி உண்டு.

1895-ஆம் ஆண்டு நவம்பர் மாதம் அவர் இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு வயது 27. வந்த சில நாட்களிலேயே டெங்குக் காய்ச்சலில் படுத்துவிட்டார். அவர் இந்தியாவுக்கு வரவேண்டும் என்று ஏங்கியவரும் அல்ல. சீனாவுக்குப் போக விரும்பினார். உடம்பைப் பரிசோதித்த டாக்டர் கூடாது என்று சொல்லிவிட்டார். ஜப்பானுக்குப் போனார், பதினைந்து மாதத்தில் நோயாளியாகத் திரும்பினார். பெங்களூரில் நர்ஸாக இருந்த தோழி ஒருத்தி, இந்த ஊர் சீதோஷ்ணம் உடம்புக்கு நல்லது என்று கடிதம் எழுதியிருந்தாள். அதை நம்பித்தான் வந்தார். நம் ஊர்க்காரர்கள் பலரும் இப்படித்தான், யாரோ ஒரு சிநேகிதர் எழுதிய கடிதத்தை நம்பி இங்கே வந்து இறங்கியிருக்கிறார்கள்!

அந்தப் பெண்மணியின் பெயர் ஏமி கார்மைக்கேல். திருநெல்வேலி மாவட்டத்துக்காரர்களுக்குத் "தோனாவூர் அம்மா" என்றால் உடனே தெரியும்.

வியாழக்கிழமைதோறும் விவேக்நகர் குழந்தை இயேசு ஆலயத்தில் கூடும் கூட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு கேள்வி எழாமல் இராது. சொந்த ஊருக்கு மாற்றல் வேண்டும் என்று கேட்பவர், வேலை நிரந்தரமாக வேண்டும் என்று கேட்பவர், பெண்ணுக்கு வரன் அமைய வேண்டும் என்று கேட்பவர், வயிற்றில் கட்டி என்று டாக்டர் சொன்னது பொய்யாக வேண்டும் என்று கேட்பவர்... எல்லாருடைய கேள்வியும் மேலே போகிறது. எல்லாருக்கும் கேட்டது கிடைத்துவிடுவதில்லை. கிடைக்காதவர் என்ன நினைத்துக்கொள்வது? கேட்டதே தவறா? கேட்ட விதம் தவறா? அல்லது, "தேவ சித்தம்" என்று சொல்லி வாயை மூடிக்கொள்வதுதான் கிறிஸ்தவனுக்கு அழகா?

புத்தகத்தைப் புரட்டிப் பதில் சொல்வதைவிட, தோனாவூர் அம்மாவின் வாழ்க்கையைப் பார்த்தால் விஷயம் சற்றுத் தெளிவாகும்.

"இல்லை" என்பதும் பதில்தான்

அயர்லாந்தின் வடபகுதியில், மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில், 1867 டிசம்பர் 16-ஆம் தேதி ஏமி பிறந்தார். ஏழு பிள்ளைகளில் மூத்தவர். அவருடைய கண்கள் பழுப்பு நிறம். தாயின் கண்களைப் போல நீலக் கண் வேண்டும் என்பது அந்தக் குழந்தையின் ஆசை. ஓர் இரவு, கடவுளிடம் கேட்டுவிட்டுப் படுத்தாள். காலையில் எழுந்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி, கண்ணாடியில் பார்த்தாள். பழுப்பு அப்படியே இருந்தது! அழுத குழந்தைக்குக் கிடைத்த விளக்கம், "இல்லை" என்று சொல்வதும் ஒரு பதில்தான் என்பது.

இந்தக் கதைக்கு ஒரு பின்பாதியும் உண்டு. பல ஆண்டுகள் கழித்து, தமிழ்நாட்டில், கோயில்களில் பொட்டுக்கட்டி விடப்படும் சிறுமிகளைப் பற்றி விவரம் சேகரிக்க வேண்டியிருந்தது. புடவை கட்டி, கைகளிலும் முகத்திலும் காபிச் சாற்றைப் பூசிக்கொண்டு ஏமி வெளியே போவாராம். அப்போது ஒரு சிநேகிதர், உனக்கு நீலக் கண் இருந்திருந்தால் இந்த வேஷம் பலித்திருக்குமா என்று கேட்டதாக, அவர் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்கிறார்கள்.

பிரசங்கிமார்களுக்கு இது மிகவும் பிடித்த கதை. கேட்பதற்கும் நன்றாகவே இருக்கிறது. ஆனால் இதோடு நிறுத்திவிட்டால் ஆபத்து. கடவுள் மறுத்த ஒவ்வொன்றுக்கும் முப்பது ஆண்டு கழித்து ஒரு காரணம் விளங்கிவிடும் என்று ஜனங்கள் நம்பிவிடுவார்கள். அப்படி விளங்காமலே போன மறுப்புகள் ஏமியின் வாழ்க்கையிலேயே உண்டு. அவற்றைப் பிரசங்கத்தில் அதிகம் கேட்பதில்லை.

உரோமக் கையுறை

ஜப்பான் விஷயத்தை எடுத்துக்கொள்வோம். 1893-இல் அங்கே போனபோது, அது கடவுளின் அழைப்பு என்பதில் ஏமிக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை. அதற்காக எவ்வளவோ விட்டுவிட்டுப் போனார். மகளை இழந்து, இவரைத் தன் மகளாகவே பாவித்து வீட்டில் வைத்திருந்த ராபர்ட் வில்சன் என்ற முதியவரைப் பிரிந்தார். அப்படிப் போனவரைத் தாங்க முடியாத நரம்பு வலி 1894-இலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அப்படியானால் கடவுளின் சித்தத்தைத் தவறாகப் புரிந்துகொண்டாரா?

இதற்கு வெட்டு ஒன்று துண்டு இரண்டாக விடை சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஜப்பானில் நடந்த ஒரு சின்னச் சம்பவம் முக்கியம். ஏமி ஐரோப்பிய உடையில், குளிருக்காக உரோமக் கையுறை போட்டுக்கொண்டு, நோயில் கிடந்த ஒரு மூதாட்டியைப் பார்க்கப் போனார். கிழவி ஆர்வத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். சரியான நேரத்தில் அவள் பார்வை அந்தக் கையுறை மீது விழுந்தது. அதோடு சரி. பேச்சு முழுக்கக் கையுறையைப் பற்றியதாகிவிட்டது! அன்றிலிருந்து ஏமி கிமோனோ அணியத் தொடங்கினார். பின்னால் திருநெல்வேலியில் புடவையை விரும்பி ஏற்றதற்கு விதை அங்கே விழுந்தது. பயணம் தோற்றது, பாடம் தோற்கவில்லை.

ஜப்பானில் இன்னொன்றும் நடந்தது. கல்யாணம், குடும்பம் என்ற ஆசை அவருக்கும் இருந்தது. தனிமையிலேயே ஆயுள் கழிந்துவிடுமோ என்ற பயம் பிடித்துக்கொண்டது. அரிமா என்ற இடத்தில் மலைக் குகை ஒன்றுக்குத் தனியாகப் போய் அந்தப் பயத்தோடு மல்லுக்கட்டினார். 34-ஆம் சங்கீதத்தின் கடைசி வாக்கியத்தில் ஆறுதல் கிடைத்தது என்று மிகப் பிற்காலத்தில்தான், அதுவும் தன் பிள்ளைகளில் ஒருத்திக்கு உதவும் என்பதற்காக, வெளியே சொன்னார். ஆசை இருந்ததை அவர் மறைக்கவுமில்லை, பாவம் என்று சொல்லவுமில்லை.

ஆசைப்படுவதே குற்றம் என்று நினைக்கும் பக்தர்கள் கெத்செமனே தோட்டத்தை மறந்துவிடுகிறார்கள். சிலுவைக்கு முந்தைய இரவில், இந்தப் பாத்திரம் தன்னைவிட்டு நீங்க வேண்டும் என்று இயேசுவே கேட்டார். ஒரு தடவையல்ல, மூன்று தடவை. பிறகுதான் பிதாவின் சித்தத்துக்கு விட்டார். பவுலும் தன் உடம்பில் தைத்த "முள்" நீங்க வேண்டும் என்று மூன்று முறை கேட்டார். நீங்கவில்லை. இருவரும் கேட்காமல் மென்று விழுங்கியவர்கள் அல்லர். கேட்டுவிட்டுப் பணிந்தவர்கள். ஆகவே மாற்றல் வேண்டும் என்று மண்டியிடும் குமாஸ்தா எந்தத் தவறும் செய்துவிடவில்லை. மாற்றல் கிடைத்தால் இத்தனை மெழுகுவத்தி என்று பேரம் பேசும்போதுதான் கொஞ்சம் சறுக்குகிறார். அதுகூட ஆபீஸ் பழக்கம் கோயிலுக்குள் வந்துவிடுவதுதான்!

"தான் ஒன்று நினைக்கத் தெய்வம் ஒன்று நினைக்கும்" என்று நாம் சொல்வோம். இந்தப் பழமொழியைச் சிலர் சொல்லும் தோரணையைக் கேட்டால், தெய்வம் ஏதோ எதிர்க்கட்சி போலவும், நாம் கொண்டுவரும் எந்தத் தீர்மானத்தையும் தோற்கடிப்பதே அதன் வேலை போலவும் தோன்றும். கிறிஸ்தவ வேதம் சொல்வது அதுவல்ல. பிள்ளை அப்பம் கேட்டால் கல்லைக் கொடுக்கும் தகப்பன் உண்டா என்றுதான் இயேசு கேட்டார்.

தூத்துக்குடித் தாய்

பெங்களூரில் ஏமிக்கு மனம் ஒட்டவில்லை. வெள்ளைக்கார மிஷனரிகளின் சௌகரியமான வாழ்க்கை அவருக்குச் சரிப்படவில்லை. தமிழை நன்றாகக் கற்க வேண்டும் என்று 1896 கடைசியில் திருநெல்வேலிச் சீமைக்குப் போனார். தாமஸ் வாக்கர் என்ற மிஷனரி தமிழ் கற்பித்தார். பிறகு சில தமிழ்ப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு, மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகச் சுவிசேஷம் சொல்லித் திரிந்தார். இதுதான் அவர் கேட்டு, விரும்பி, மனநிறைவோடு செய்த வேலை.

அதுவும் நிலைக்கவில்லை. 1901 மார்ச் மாதம், பண்ணைவிளையில் இருந்தபோது, சுமார் ஏழு வயதுள்ள ஒரு சிறுமி அவரிடம் வந்து சேர்ந்தாள். பிரீனா என்ற அந்தச் சிறுமி, பொட்டுக்கட்டி விடுவதற்காக ஒப்படைக்கப்பட்டிருந்த வீட்டிலிருந்து தப்பி வந்தவள்.

அவள் அதற்கு முன்பும் ஒரு தடவை தப்பியிருக்கிறாள். தூத்துக்குடியில் இருந்த தாயைத் தேடி இருபது மைல் போய்ச் சேர்ந்தாள். தேடிக்கொண்டு பின்னாலேயே வந்த பெண்கள், குழந்தையைத் தராவிட்டால் தெய்வ கோபம் வரும் என்றார்கள். தாய் நடுங்கினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் கைகளைத் தானே பிரித்து அவர்களிடம் கொடுத்துவிட்டாள். ஓடிப்போனதற்குத் தண்டனையாகச் சிறுமியின் கைகளில் சூடு போட்டார்கள்.

அந்தத் தாயைக் கல்நெஞ்சக்காரி என்று சொல்லிவிடலாகாது. இது தெய்வத்தின் சித்தம், மறுத்தால் கேடு வரும் என்று மனதார நம்பினாள். அவ்வளவுதான்.

இங்கேதான் ஏமியின் வாழ்க்கை ஒரு பெரிய விஷயத்தைக் காட்டுகிறது. கண்ணின் நிறமானாலும், சீனாவானாலும், கல்யாணமானாலும், தனக்கு வந்த மறுப்புகளையெல்லாம் தேவ சித்தம் என்று ஏற்றவர், பிரீனாவின் கையிலிருந்த தழும்பைத் தேவ சித்தம் என்று ஏற்கவில்லை. தன் துன்பத்துக்குச் சொன்ன வார்த்தையைப் பிறத்தியார் துன்பத்துக்குச் சொல்ல அவர் நா எழவில்லை.

ஊர் சுற்றிச் சுவிசேஷம் சொல்லும் ஆசையை அதற்காகக் கைவிட வேண்டியிருந்தது. பிள்ளை தாயின் காலைக் கட்டும் என்பது நம் பக்கத்துப் பேச்சு. அவர் காலும் கட்டுண்டது. அதே 1901-இல் மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்தில் உள்ள தோனாவூருக்குக் குடிபோனார். குழந்தைகள் ஒவ்வொன்றாக வந்தன. சில ஆண்டுகளில் நூற்றுக்கு மேலானது. பால் புட்டி கழுவுவதும், இரவெல்லாம் காய்ச்சல்காரக் குழந்தைக்கு விழித்திருப்பதும் ஒரு மிஷனரி செய்கிற வேலையா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். சீஷர்களின் காலைக் கழுவ இயேசு துண்டை எடுத்துக் கட்டிக்கொண்டதை நினைத்து அவர் சமாதானம் செய்துகொண்டார். குழந்தைகள் விஷயமாக வழக்குகளும் மிரட்டல்களும் வந்தன. அவர் பின்வாங்கவில்லை.

1903-இல் வெளியான அவருடைய புத்தகம், நிலைமையை இருட்டாகக் காட்டுகிறது என்று மிஷன் வட்டாரத்திலேயே முகச்சுளிப்பை உண்டாக்கியது. நம் மக்களையும் நம் சமயங்களையும் பற்றி அவர் எழுதியவற்றில், வெளிநாட்டார் கண்ணோடு எழுதப்பட்ட கடுமையான தீர்ப்புகள் உண்டு. அவற்றை ஒப்புக்கொள்ள வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. ஆனால் பொட்டுக்கட்டும் விஷயத்தில் அவர் தனியாளாகவும் இல்லை. புதுக்கோட்டையில் பிறந்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, 1927-இல் சென்னை சட்டசபைக்கு வந்தபின் அந்த வழக்கத்துக்கு எதிராகப் போராடினார். 1930-இல் ஔவை இல்லத்தைத் தொடங்கினார். அவருடைய தாயும் அந்தச் சமூகத்தில் பிறந்தவர்தான். தெய்வத்தின் பேரைச் சொல்லித்தான் அவரையும் எதிர்த்தார்கள். 1947-இல் சென்னை மாகாணத்தில் சட்டம் வந்தது. வேறு வேறு நம்பிக்கை உள்ள இரண்டு பெண்களும் ஒரே இடத்தில் ஒரே பதிலைச் சொன்னார்கள்: இது தெய்வம் செய்வதல்ல, மனிதர் செய்வது.

இது பழைய கதை என்று தள்ளிவிட முடியாது. இதே பெங்களூரில் மாடி மேல் மாடி எழும்பும் கட்டடங்களில் வேலை செய்கிறவர்களில் நம் ஜனங்களும் இருக்கிறார்கள். சாரம் சரிந்து ஒருவர் விழுந்தால், இடுப்பில் கட்ட பெல்ட் கொடுக்காத மேஸ்திரியே துக்க வீட்டுக்கு வந்து, "எல்லாம் ஆண்டவன் சித்தம்" என்று சொல்லிவிட்டுப் போவார். நைந்த கயிற்றை மாற்றாததற்கு ஆண்டவன் என்ன செய்வார்? விதவைக்கு அந்த வார்த்தை ஆறுதலாக இருக்கலாம். அதை அவளே சொல்லிக்கொள்ளட்டும். நஷ்டஈடு தரவேண்டியவர் சொல்லலாகாது.

வியாதிக்காரரின் கடிதம்

விளங்காமலே போன மறுப்புகள் என்று மேலே சொன்னோம். பொன்னம்மாள் என்ற தமிழ் விதவை ஏமியின் வலது கரம் போல இருந்தார். நெய்யூரில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். அவருக்குப் புற்றுநோய் வந்தது. சிகிச்சையும் நடந்தது, ஜெபமும் நடந்தது. 1915-இல் அவர் இறந்தார். 1912-இல், யாரும் எதிர்பாராத நேரத்தில், வாக்கர் இறந்திருந்தார். இந்த இரண்டு சாவுக்கும் "இதற்காகத்தான்" என்று சொல்ல ஒரு பின்கதை இல்லை. ஏமியும் அப்படி ஒன்றைக் கட்டிச் சொல்லவில்லை.

கடைசியாக அவருக்கே வந்தது. 1931 அக்டோபர் 24-ஆம் தேதி, களக்காட்டில் மருந்து கொடுக்கும் நிலையத்துக்காக வாடகைக்குப் பிடித்த வீட்டைப் பார்க்கப் போனார். அன்று காலையில்தான், ஊழியத்துக்குத் தன்னைத் தகுதியாக்க எதை வேண்டுமானாலும் செய்யும் என்று ஜெபித்திருந்தார். பொழுது சாய்ந்த நேரம். கழிவறைக்காகத் தவறான இடத்தில் வெட்டியிருந்த குழி ஒன்று கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தார். கால் எலும்பு முறிந்தது. வயது 63. அதன் பிறகு ஏறக்குறைய 20 ஆண்டுகள் பெரும்பாலும் ஒரே அறையில், வலியோடு கழிந்தன.

காலை ஜெபத்துக்கு மாலையில் கிடைத்த பதில் அந்தக் குழி என்று சொல்லும் பக்தர்கள் உண்டு. அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. குழியைத் தவறான இடத்தில் வெட்டியது ஆட்கள். ஆனால் அந்த அறையில் கிடந்த 20 ஆண்டை என்ன செய்வது என்ற கேள்வி அவருடையது. அதற்கு அவர் கண்ட பதில்தான் கவனிக்கத்தக்கது.

படுக்கையில் கிடந்தவருக்கு ஆறுதல் புத்தகங்கள் பல வந்தன. படித்தபோது ஒன்றைக் கண்டுகொண்டார். அவற்றில் பெரும்பாலானவை நல்ல திடகாத்திரமான ஆட்கள் நோயாளிகளுக்காக எழுதியவை. நோயைத் தாங்கு, பணிந்துபோ என்று நின்றுகொண்டிருப்பவர் படுத்திருப்பவருக்குச் சொன்னால், அது ஏறவில்லை. எனவே வலியில் கிடக்கும் ஒருவர் வலியில் கிடக்கும் மற்றவருக்கு எழுதும் கடிதங்களாக ஒரு புத்தகம் எழுதினார். 1933-இல் "ரோஸ் ஃப்ரம் பிரையர்" என்ற பெயரில் வந்தது. முட்செடியில் பூத்த ரோஜா என்று பொருள் கொள்ளலாம். அவர் எழுதிய முப்பதுக்கும் மேற்பட்ட நூல்களில் பத்துக்கு மேல் அந்த அறையிலிருந்து வந்தவை. குணமாக வேண்டும் என்ற ஆசையை அவர் விட்டுவிடவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தார். குணமாகவும் இல்லை, எழுதுவதும் நிற்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு ஆரஞ்சுப் பழத்தோடு போய்க் கட்டில் ஓரத்தில் நின்று உபதேசம் செய்கிறவர்கள் அந்தப் புத்தகத்தைப் படித்தால் நல்லது. நம் சபைகளில் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சமில்லை. சிலர் இன்னும் ஒரு படி மேலே போய், விசுவாசம் குறைவானதால்தான் சுகம் கிடைக்கவில்லை என்று நோயாளியிடமே சொல்லிவிட்டு வருவார்கள். பவுலுக்கு விசுவாசம் குறைவாயிருந்ததா என்று திருப்பிக் கேட்க அந்த நேரத்தில் நோயாளிக்குத் தெம்பு இருப்பதில்லை.

1951 ஜனவரி 18-ஆம் தேதி, 83-ஆம் வயதில் அவர் காலமானார். 1895-இல் வந்தவர் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குப் போகவில்லை. கல்லறை கட்டக் கூடாது என்று சொல்லியிருந்ததால், புதைத்த இடத்தில் பறவைகள் தண்ணீர் குடிக்க ஒரு கல்தொட்டி மட்டும் வைத்து, அதில் "அம்மை" என்று பொறித்தார்கள்.

விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் வள்ளியூரில் இறங்கினால், ஏர்வாடி வழியாகத் தோனாவூர் போகலாம். அவர் ஏற்படுத்திய தோனாவூர் ஐக்கியம் இன்றும் அங்கே இயங்கி வருகிறது.